முதல் அகப்பை மொய்ங்கா

அக்டோபர் 9, திங்கள்

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன மார்கழி முடிந்து, இந்தி வேண்டாமென்று கல்லூரிப் பையன்கள் ரயிலை மறித்த தை மாதம் அது. தபால் ஐந்து நாள் தாமதம். அந்தத் தாமதத்தோடுதான் பர்மாவில் பெகுவிலிருந்து எனக்கு அந்தக் கடிதம் வந்தது. வருஷத்தை எண்ணில் சொல்ல எனக்கு வராது. 1965 என்கிறாள் தவமணி. போட்டுக்கொள்ளட்டும்.

இந்த நோட்டு அதற்காக வாங்கியதில்லை. நான் தின்பதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வரச்சொல்லிச் சர்க்கரை டாக்டர் கட்டளை போட்டிருக்கிறார். எனக்கு எழுத்து கிடையாது. மகள் தவமணி எழுதுகிறாள். நான் பேச்சில் சொல்வதை அவள் எழுத்துத் தமிழில் திருத்திப் போடுகிறாள். காலை: மூன்று இட்லி, தக்காளிச் சட்னி. காபி, சர்க்கரை இல்லாமல். சர்க்கரை அளவு 188.

பத்து மணிக்கு முத்தழகு வந்தான். வைரவன் மகன். வைரவன் என் அண்ணன். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறான். முப்பத்தொரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. அவனுக்குத் தொண்டையில் புற்று. திருச்சி பெரிய ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முத்தழகு நின்றுகொண்டே பேசினான்.

"சித்தப்பா, அப்பாவுக்கு மொய்ங்கா சாப்புடணுமாம். மூணு நாளா அதே பேச்சு."

கடைத்தெருவில் பர்மா நூடுல்ஸ் விற்கிற அத்தோ கடை இருக்கிறதே, அங்கே வாழைத்தண்டு சூப்பு விற்கிறானே என்றேன்.

"வாங்கிக் குடுத்தேன். துப்பிட்டாரு. இது கழனித்தண்ணி, அடைக்கலம் கையால வேணும்னாரு."

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மதியம்: ஒரு கரண்டி சோறு, கீரை, மோர்.

அக்டோபர் 10, செவ்வாய்

இட்லி மூன்று. சப்பாத்தி இரண்டு. சர்க்கரை 192. யாரும் வரவில்லை.

அக்டோபர் 11, புதன்

மொய்ங்கா என்றால் என்னவென்று டாக்டரிடம் எழுதிக் காட்ட வேண்டுமாம். சரி.

பர்மாவில் அதுதான் காலை ஆகாரம். கெளுத்தி மீனை எலுமிச்சம்புல்லும் மஞ்சளும் போட்டு அவித்து, முள் நீக்கி, சதையை வதக்கி, வறுத்த அரிசிமாவும் கடலை மாவும் கரைத்துவிட்டு, வாழைத்தண்டு போட்டுக் கொதிக்க வைத்த சாறு. புளித்த அரிசி மாவில் பிழிந்த சேவை மேல் அதை ஊற்றி, வாத்து முட்டையும் சுரைக்காய் பஜ்ஜியும் பிய்த்துப் போட்டு, எலுமிச்சை பிழிந்து சாப்பிட வேண்டும்.

நான் அதைக் கற்றது பெகு ரயிலடியில், டோ மியா என்கிற பர்மாக்காரி கடையில். ஒன்பது வயதில் கிண்ணம் கழுவப் போனேன். வைரவன் மூத்தவன், அவனைப் பள்ளிக்கூடத்தில் போட்டார் அப்பா. தமிழ், பர்மி இரண்டும் எழுதுவான். வீட்டுக்கு ஒரு படித்தவன் போதும் என்பது அவர் கணக்கு. அதனால் எனக்கு மண்டைதான் நோட்டு. அந்தக் கடையில் பதினாறு முக்காலி. மூன்றாவது முக்காலிக்கு ஒரு கால் குட்டை. அடுப்புக்குப் பக்கத்துத் தூணில் ரயில் நேரம் கரியால் எழுதியிருக்கும். அதில் ஒரு எழுத்து எனக்குத் தெரியாது, ஆனால் எந்த ரயில் எந்த வரியில் இருக்கிறது என்று இன்றைக்கும் சொல்வேன்.

டோ மியாவின் மகள் மா தீன். எனக்கு இருபது வயதில் அவளைக் கட்டினேன். தவமணிக்கு இது தெரியும். அவள் அம்மா செல்லாயிக்கும் தெரியும். நான் மொய்ங்கா காய்ச்சுகிற நாளில் செல்லாயி ஒரு வாய் தொட்டதில்லை, மீன் வாடை ஆகாது என்பாள். மீன்குழம்பு வைத்தால் மட்டும் சட்டியை வழித்துச் சாப்பிடுவாள்.

அந்தக் கடையில் ஒரு முறை உண்டு. பானை இறக்கியதும் முதல் அகப்பை வீட்டில் மூத்தவர்களுக்கு. அவர்கள் ஊரில் இல்லாவிட்டாலும் அவர்கள் பேரைச் சொல்லி ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் மற்றவர் வாயில் வைக்கலாம். ஊச்சா என்பார்கள். இங்கே வந்த பிறகும் நான் அதை விடவில்லை. அம்மா செத்த பிறகு முதல் அகப்பை வைரவனுக்குத்தான் போகும். செல்லாயி பேச்சுக்கு முகம் சுளித்தபடி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

கும்பகோணம் மகாமகத்தில் ஆட்கள் நெரிந்து செத்த மாசியோடு அதை நிறுத்திவிட்டேன். மொய்ங்கா காய்ச்சுவதையே நிறுத்திவிட்டேன்.

மதியம் சோறு, பாகற்காய். சர்க்கரை 201.

அக்டோபர் 13, வெள்ளி

முத்தழகு மறுபடியும் வந்தான். இந்தத் தடவை உட்கார்ந்தான். தவமணி டீ கொடுத்தாள்.

நான் சொன்னேன், காய்ச்சித் தருகிறேன். ஆனால் உன் அப்பன் அந்தக் கடிதத்தை மறுபடியும் வாசிக்க வேண்டும். பர்மா அகதிகள் சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் இருக்க, என் மகள் இருக்க, அதில் எழுதியிருக்கிறபடியே வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் கிண்ணம்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தவமணியைப் பார்த்தான். "அவரு தண்ணி முழுங்கவே படாதபாடு படுறாரு சித்தப்பா," என்றான்.

நான் என்ன செய்வது. புரட்டாசி வேறு. தவமணி பெருமாளுக்கு விரதம் இருக்கிறாள், அடுப்பில் மீன் ஏறக் கூடாது. ஐப்பசி பிறக்கட்டும் என்றேன். அதற்குள் இரண்டு நாள் அரிசி புளிக்கவும் வேண்டும். முத்தழகு எழுந்து போனான்.

"நீங்க எந்தப் புரட்டாசியிலப்பா மீன் சாப்புடாம இருந்தீங்க?" என்று கேட்டாள் இவள். எழுதுகிறவள் எழுதினால் போதும்.

கடிதத்தின் கதையைக் கேட்கிறாள். சொல்கிறேன்.

நேரு செத்த பதினோராம் நாள் நாங்கள் ரங்கூனில் கப்பல் ஏறினோம். கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது, நம்மவர்களை ஊருக்குப் போ என்றது. அம்மா, வைரவன், நான். மா தீன் பர்மாக்காரி, அவளுக்குக் காகிதம் கிடைக்கவில்லை. வயிற்றில் ஐந்து மாதம். போனதும் ஏற்பாடு செய்து கூப்பிடுகிறேன் என்றேன். அவள் பச்சை லுங்கியும் வெள்ளைச் சட்டையும் போட்டிருந்தாள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம்.

இங்கே கேம்பில் தகரக் கொட்டகை. குடும்பஸ்தனுக்குத்தான் காலனியில் வீடு, தனியாளுக்கு இல்லை என்று பேச்சு. கேம்பு வாசலில் இட்லிக் கடை போட்டிருந்தவர் செல்லாயியின் அப்பா. மகளையும் கடையில் பாதியையும் தருகிறேன் என்று அம்மாவிடம் கேட்டிருந்தார். மாசியில் முகூர்த்தம் பார்த்திருந்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்போதுதான் கடிதம் வந்தது. பர்மி எழுத்து, மூன்று பக்கம். அவளே எழுதியது, அவள் மடத்துப் பள்ளியில் படித்தவள். வைரவன் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வைத்து வாசித்தான். ஒரு ஆடு வந்து உறையை மென்றது, அதைத் துரத்தினேன். முதல் பக்கம் பன்னிரண்டு வரி. நலம், அம்மா நலம், மழை பிந்தியது, கடையைச் சர்க்கார் திருப்பித் தந்துவிட்டது. இரண்டாம் பக்கம் பதினான்கு வரி.

மூன்றாம் பக்கம் எனக்கு ஞாபகம் இல்லை.

அவன் சொன்னது இதுதான்: அவள் ரயில்வேக்காரன் ஒருவனோடு போய்விட்டாள், இனிமேல் எழுதாதே என்கிறாள். நான் செல்லாயியைக் கட்டினேன்.

மகாமகத்து மாசியில் பெகுவிலிருந்து காத்தமுத்து என்கிற பெரியவர் தீர்த்தமாட வந்து, காலனியில் ஒரு பகல் தங்கினார். செல்லாயி அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் பத்துப் பேர். அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், மா தீன் போன வருஷம்தான் செத்தாள், கடைசி வரை ஒருத்தனையும் கட்டவில்லை, பெண் பிள்ளை ஒன்று, அதுதான் இப்போது கடை நடத்துகிறது என்று. செல்லாயி கரண்டியோடு நின்றாள். நான் எழுந்து எல்லோர் முன்னாலும் வைரவனைக் கேட்டேன், ஏண்டா பொய் வாசித்தாய் என்று. அவன் வாயைத் திறக்கவில்லை. செல்லாயியைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனான். குற்றம் செய்தவன் எப்படிப் பேசுவான்.

"அந்த அக்கா பேரு என்னப்பா?" என்கிறாள் தவமணி.

எனக்கு எப்படித் தெரியும். பர்மாவில் பிறந்த கிழமையை வைத்துப் பேர் வைப்பார்கள். திங்களில் பிறந்தால் ஒரு எழுத்து, செவ்வாயில் பிறந்தால் வேறு. காத்தமுத்து பேரும் சொல்லவில்லை, கிழமையும் சொல்லவில்லை. கடிதத்தில் இருக்கும். வாசித்தவனைக் கேள்.

"காலனியில பர்மி தெரிஞ்சவங்க பத்துப் பேராவது இருந்தாங்க. அந்த மாசிக்கு அப்புறமாவது யாருகிட்டயாவது குடுத்து வாசிச்சிருக்கலாமே."

தலை சுற்றுகிறது. சர்க்கரை 240. போதும், மூடு.

அக்டோபர் 14, சனி

மகாளய அமாவாசை. தவமணி காக்கைக்குச் சோறு வைத்தாள், என் அம்மாவுக்கு. வைரவன் வீட்டு மதிலிலும் வைத்திருந்தார்கள், அவனுக்கும் அம்மா அவள்தானே. ஒரே காக்கை இரண்டு இடத்திலும் தின்றது. அவன் மருமகள் சொன்னாளாம், மாமா இடியாப்பத்தைக் கரைத்துக் கொடுத்தால் இன்னும் குடிக்கிறார் என்று.

அக்டோபர் 16, திங்கள்

அரிசி ஊறப்போட்டேன். சென்னை பர்மா பஜாரிலிருந்து ஙாப்பி வந்தது, பஸ்ஸில் கொடுத்துவிட்டார்கள். மீனைப் புளிக்க வைத்து அரைத்த விழுது அது. பொட்டலத்தைப் பிரித்ததும் தவமணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "கண்டக்டர் எப்படிப்பா இத பஸ்ல ஏத்துனாரு," என்றாள். ஐம்பத்தைந்து வயதில் அவள் சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். உடனே நிறுத்திக்கொண்டாள்.

எலுமிச்சம்புல் நர்சரியில் தொட்டியோடு வாங்கினோம். வாழைத்தண்டுக்குக் கொள்ளிடக்கரைத் தோப்பில் சொல்லி வைத்திருக்கிறது. குலை வெட்டிய மரத்தின் தண்டு வேண்டாம், குலை தள்ளாத மரம்தான் வேண்டும் என்றேன். தோப்புக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

இட்லி இரண்டு. பசி இல்லை.

அக்டோபர் 18, புதன்

ஐப்பசி ஒன்று.

விடிந்ததும் கெளுத்தி வந்தது, ஆறு. சாம்பல் போட்டு வழுவழுப்பு போகத் தேய்த்தேன். கை மறக்கவில்லை. அவித்து, முள்ளை எடுத்தேன். தலையையும் முள்ளையும் அம்மியில் இடித்து, துணியில் கட்டி, சாற்றில் போட்டேன். டோ மியா கடையின் சூட்சுமம் அதுதான், அத்தோ கடைக்காரனுக்குத் தெரியாது. தவமணி தண்டை வட்டமாக நறுக்கி நாரைக் குச்சியில் சுற்றி எடுத்தாள். பழக்கதோஷத்தில் புளியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான புதிதில் அவள் அம்மா செய்த அதே காரியம். அன்றைக்கு நான் பானையோடு சாக்கடையில் ஊற்றினேன். இன்றைக்குக் கையை மட்டும் காட்டினேன், கொண்டுபோய்விட்டாள்.

பதினொன்றுக்குப் பானை இறங்கியது. முதல் அகப்பையைக் கிண்ணத்தில் ஊற்றினேன். கிண்ணத்தைத் தவமணி எடுத்துக்கொண்டாள். கடிதத்தை நான் எடுத்துக்கொண்டேன். முப்பத்தொரு வருஷம் கழித்து அந்தப் படி ஏறினேன். படி இரண்டுதான் இருந்தது, இப்போது மூன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.

சங்கத்து ஆட்கள் இரண்டு பேர் நாற்காலியில் இருந்தார்கள். வைரவன் கட்டிலில் ஒரு மூட்டைத் துணி மாதிரி கிடந்தான். வாசனை எட்டியதும் கண்ணைத் திறந்தான்.

"மண்டைய இடிச்சுப் போட்டியா?" என்றான். குரல் காற்றாக வந்தது.

போட்டேன் என்றேன்.

"கெழவி கைப்பக்குவம் வரல. பூண்டு தூக்கலா இருக்கு."

சாப்பிடாமலே குற்றம் சொன்னான். அவன் எப்போதும் அப்படித்தான். நான் கடிதத்தை அவன் நெஞ்சின் மேல் வைத்தேன். வாசி என்றேன்.

அவன் அதைத் தொட்டுப் பார்த்தான், பிரிக்கவில்லை. பார்வை ஐந்தாறு வருஷமாகவே இல்லையாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியானால் அதில் இருந்ததைச் சொல், நீ அன்று என்ன வாசித்தாய் என்பதைச் சொல் என்றேன்.

அவன் பர்மியில் என்னிடம் ஒன்று கேட்டான். நானும் பர்மியில் பதில் சொன்னேன். ஆளுக்கு ஒரு வரி. அது எழுத வேண்டாம், காய்ச்சல்காரன் பேச்சு.

பிறகு தவமணி இருக்கிற பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"உங்கப்பன் சொல்றதுதாம்மா சரி. நாந்தான் மாத்தி வாசிச்சேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

சங்கத்து ஆட்கள் கேட்டார்கள். முத்தழகு கேட்டான். எல்லோரும் கேட்டார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

தவமணி கரண்டியால் சாற்றை வாயில் விட்டாள். உள்ளே இறங்கவில்லை. கடைவாய் வழியாக வந்து கழுத்துக்குப் போனது. இரண்டாவது கரண்டியும் அப்படியே. மூன்றாவதை அவள் கொடுக்கவில்லை. உதட்டை மட்டும் நனைத்தாள். அவன் நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, "உப்பு சரி," என்றான்.

நேற்று முன்தினம் வரை இறங்கியதாம். மருமகள் யாரிடமோ சொல்வது போலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். முட்டை ஒன்று, பஜ்ஜி இரண்டு. தவமணி சாப்பிடவில்லை. மீன் வாடை ஆகவில்லையாம். சர்க்கரை 301.

அக்டோபர் 19, வியாழன்

இட்லி. சோறு. மீதி மொய்ங்காவைத் தவமணி கீழே கொட்டினாள்.

அக்டோபர் 20, வெள்ளி

காலை ஒன்பதே காலுக்கு வைரவன் போய்விட்டான்.

கடிதம் அவன் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. குளிப்பாட்டி வேட்டி கட்டியதும் நான் அதை அவன் சட்டைப் பையில் வைத்தேன். வாசித்தவனோடு போகட்டும். தவமணி என் கையைப் பிடித்தாள், அப்பா வேண்டாம், அதில் அந்த அக்கா பேர் இருக்கிறது என்றாள். சாவு வீட்டில் கையைப் பிடிக்காதே என்றேன். நாலு மணிக்கு எரித்துவிட்டோம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. சாவுத் தீட்டு, நமக்குப் பூஜை இல்லை. தெருவெல்லாம் பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள். தவமணி எழுதுகிறாளே தவிரப் பேசுவதில்லை. சர்க்கரை 260.

அக்டோபர் 27, வெள்ளி

டாக்டரிடம் நோட்டைக் கொண்டுபோனோம். தின்றதை மட்டும் எழுதச் சொன்னால் என்னம்மா இது, ராமாயணம் மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு பக்கம் படித்தார். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டு மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தவமணி கேட்டாள்: "பெரியப்பா பர்மியில என்ன கேட்டாரு?"

வெயில் கொளுத்துகிறது என்றேன்.

நவம்பர் 4, சனி

பதினாறாம் நாள். முத்தழகு கூப்பிட்டான், போனேன். அவர்கள் கறிக்குழம்பு வைத்துப் படைத்தார்கள். நான் என் வீட்டில் மொய்ங்கா காய்ச்சினேன். தவமணி தண்டு நறுக்கிக் கொடுத்தாள். பூண்டைக் குறைத்துப் போட்டேன்.

பானை இறங்கியது. முதல் அகப்பையை எடுத்துக்கொண்டு நின்றேன். யார் பேரைச் சொல்லி ஊற்றுவது? இந்த வீட்டில் இனி மூத்தவன் நான்தான். எனக்கு நானே ஊற்றிக்கொள்ள முறை இல்லை. அகப்பை பிடித்த கை வலித்தது. தவமணி வந்து வாங்கி, பெரியப்பா என்று சொல்லி ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். இன்றைக்குத் தின்றது என்ன என்று கேட்கவில்லை. பேனாவைத் திறந்துகொண்டு சும்மா இருந்தாள்.

எழுது.

அவன் பர்மியில் கேட்டது: இந்தப் பிள்ளை முன்னால் நான் எதைச் சொல்லட்டும்?

நான் சொன்னது: நான் சொல்லிக்கொண்டிருப்பதைச் சொல்.

அவ்வளவுதான். அவன் சொன்னான்.

அந்தக் கடையில் என் கல்யாணத்தன்று முதல் பானை மொய்ங்கா சாப்பிட்டவர்கள் டோ மியா, என் அம்மா, வைரவன், மா தீன், நான். டோ மியா நான் கப்பலேறிய ஏழாம் வருஷம் செத்தாள், காத்தமுத்து சொன்னார். அம்மா எமர்ஜென்சி வந்த வருஷம். மா தீன் மகாமகத்துக்கு முந்தின வருஷம். உன் அம்மா அந்தக் கடையைப் பார்த்ததில்லை, ஆனாலும் அவளையும் இந்த வரிசையில் சேர்த்து எழுது, சுனாமிக்கு அடுத்த பொங்கல். வைரவன் பதினாறு நாளுக்கு முன்னால்.

என்னைச் சேர்க்காதே. நான் இருக்கிற கணக்கில் இல்லை.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். செத்துவிட்டதாக யாரும் வந்து சொல்லவில்லை, அதனால் இருக்கிறாள். ஐம்பத்தொன்பது நடக்கிறது. புரட்டாசியில் பிறந்தாள், திங்கட்கிழமை, மழை பெய்த காலையில். இடது காதுக்குப் பின்னால் மச்சம், எனக்கு இருக்கிற அதே இடத்தில். மூன்றாம் பக்கம், மேலிருந்து நான்காவது வரி, வேப்பமரத்தடியில் வைரவன் வாசித்தபடியே.

ஏன் நிறுத்திவிட்டாய், எழுது. உன் கையாலேயே எழுது, தவமணி. அவள் பேர் மா கின் மே.